ஐடிலில் நடுக்கம், ஓட்டத்தில் திடீர் நிறுத்தம்: ஒரு பழைய பிக்அப்பில் தேடிக் கண்டுபிடித்தவை

1998 மாடல் பிக்அப். 2.4 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர் மேனுவல். இன்ஜெக்‌ஷன் வண்டிதான், ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) இன்னும் கேபிள். கைக்கு வந்தபோது ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 500க்கும் 900க்கும் நடுவே ஏறி இறங்கியது. ஸ்டீயரிங் முதல் பின்பக்கக் கண்ணாடி வரை எல்லாம் அதிர்ந்தது. சிக்னலில் கிளட்சை மிதித்து நிறுத்தினால் ஆர்பிஎம் சரிந்து, இன்ஜின் இருமி, ஆஃப் ஆகிவிடும். இது போக இன்னொன்று: நன்றாகச் சூடேறிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் இன்ஜின் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும்.

முன்பு வைத்திருந்தவர் வண்டியோடு ஒரு கட்டு பில்களையும் கொடுத்தார். பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர், ஃபியூயல் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் புதிது. எல்லாக் குறையும் ஒரே கோளாறிலிருந்து வருகிறது என்று எண்ணி, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் மாறவில்லை. இப்படிப்பட்ட வண்டியில் நான் முதலில் கவனிப்பது, இன்ஜின் எப்படி நிற்கிறது என்பதைத்தான். தடுமாறி, இருமி, ஆர்பிஎம் இறங்கி நின்றால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கணக்கில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். சாவியைத் திருப்பியது போல ஒரே நொடியில் நின்றால், மின்சாரம் எங்கோ அறுபடுகிறது. இந்த வண்டி இரண்டு விதமாகவும் நின்றது. அதனால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று வைத்துக்கொண்டு தொடங்கினேன். எப்போதும் இருக்கும் கோளாறைத் தேடுவது எளிது. வந்து வந்து போகும் கோளாறை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியில் கோளாறுகளைப் படிக்க ஸ்கேனர் மாட்டும் ஓபிடி 2 சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற கார்களுக்கும் பிக்அப்களுக்கும் 1996 மாடலிலிருந்து அது கட்டாயமானது. ஸ்கேனரைச் செருகினால் பி 0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு). கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சாரை ஏன் மாற்றினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் இந்தக் கோடு சென்சார் கெட்டுவிட்டதாகச் சொல்வதில்லை. புகையில் மீதமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, கலவை நீர்த்துப்போயிருக்கிறது என்று சென்சார் சொன்னதைத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு கோடாகப் பதிந்து வைக்கிறது. உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டால், அதுவும் அதையேதான் சொல்லும்.

அந்தக் குறியீட்டை அழிப்பதற்கு முன்னால் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் பக்கத்தைத் திறந்தேன். ஐடில் பிரச்சினைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பது என் கருத்து. பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. உள்ளே வரும் காற்றை ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது, அதற்கேற்ற பெட்ரோலை இசியு விடுகிறது, விளைவை ஆக்சிஜன் சென்சார் சரிபார்க்கிறது. கணக்குக்கும் விளைவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்ட இசியு எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே ட்ரிம். நொடிக்கு நொடி மாறும் ஷார்ட் ட்ரிம், நாள்பட்டுப் பதிந்த லாங் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இன்ஜினில் கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள், மிஞ்சிப்போனால் 10க்குள் நிற்கும்.

இதில் ஐடிலில் லாங் ட்ரிம் +19, ஷார்ட் ட்ரிம் +5 அளவில் ஆடியது. மொத்தம் +24. ஆக்சிலரேட்டரை அழுத்தி 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது மொத்தம் +6க்கு இறங்கிவிட்டது. ஆர்பிஎம்மைக் கொஞ்சம் விட்டுவிட்டால் மறுபடி மேலே.

இந்த இறக்கம்தான் முக்கியம். ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய பிறகு ஏதோ ஓர் இடத்தில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் இந்த அளவு இன்ஜினுக்கு நொடிக்கு ஏறக்குறைய 3 கிராம் காற்று போதும். அதில் அரை கிராம் கணக்கில் வராமல் போனாலே பெரிய பிழை. 2500 ஆர்பிஎம்மில் இன்ஜின் இழுக்கும் காற்று பல மடங்கு. ஓட்டை அதே அரை கிராமைத்தான் விடும், ஆகவே சதவீதத்தில் அது சுருங்கிவிடும். நேர்மாறாக, ஃபியூயல் பம்ப் பலவீனமாக இருந்தாலோ ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்திருந்தாலோ, ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற ட்ரிம் ஏறும். ஆக, ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் தேட வேண்டிய இடம் குறுகிவிட்டது: வேக்கம் லீக், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் பகுதியில் ஓர் ஓட்டை.

ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பதிலாக, மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) பிரஷர் சென்சாரை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் லீக் இருந்தால் அந்தக் காற்றையும் சேர்த்தே இசியு பெட்ரோல் விடும். அதனால் ட்ரிம் பெரிதாக ஏறாமல் ஐடில் ஆர்பிஎம் மட்டும் உயர்ந்து நிற்பது வழக்கம். தன் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ட்ரிம்மைப் படிப்பதில் பயனில்லை.

அப்புறம், இன்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் வேக்கம் கேஜ். த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் மாட்டினேன். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும், முள் அசையாது. உயரமான இடத்தில் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். இங்கே 15ஐச் சுற்றி முள் தாறுமாறாக நடுங்கியது. லீக் உறுதியானது. எங்கே?

முதலில் வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கொறடால் மெல்ல நசுக்கிப் பார்த்தேன். ஹோஸைக் கீறிவிடாமல் இருக்கக் கொறடின் வாய்க்குத் துணி சுற்றிக்கொள்வது நல்லது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை நசுக்கியபோது ஐடில் மாறவில்லை. பூஸ்டர் நல்லபடி இருக்கிறது. பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் ஹோஸ், அதுவும் மாறவில்லை. அந்த வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகத் திணறும். இந்த வண்டியில் அந்தக் குறை இல்லை. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸை நசுக்கியதும் ஆர்பிஎம் சட்டென்று மாறி, சத்தமும் சீரானது. கழற்றிப் பார்த்தால், மேலிருந்து பார்க்கும்போது நல்ல ரப்பர். கீழ்ப்பக்க வளைவில் எண்ணெய் ஊறி மெத்தென்று ஆகி, ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பழைய வண்டிகளில் இந்த முழங்கை வளைவு கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் பல பேர் தவறவிடுகிறார்கள். கண்ணால் பார்ப்பதோடு விடாமல் விரலை விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும். பிசிவி வால்வைக் குலுக்கினேன். உள்ளே கடகடவென்று ஆடியது, சிக்கவில்லை. இருந்தாலும் ஹோஸோடு சேர்த்து அதையும் மாற்றிவிட்டேன்.

மாற்றியதும் ட்ரிம் +24லிருந்து +13க்கு வந்தது. நடுக்கம் குறைந்தது, போகவில்லை. இந்த இடத்தில்தான் பல பேர் வேலையை முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் செக் இன்ஜின் லைட் அணைந்துவிடும். ஆனால் +13 என்பது இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது என்ற செய்தி.

இன்ஜின் ஓடும்போது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆர்பிஎம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தேன். முதல் மூன்று சிலிண்டர்களிலும் நன்றாக விழுந்தது. நாலாவதைக் கழற்றியபோது பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது நாலாவது சிலிண்டர் ஐடிலில் சரியாக வேலை செய்யவில்லை. வால்வு கோளாறா, ஸ்பார்க்கா, இன்ஜெக்டரா, லீக்கா? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம்) பார்த்தேன்: நாலு சிலிண்டரிலும் 165 முதல் 170 பிஎஸ்ஐ. இன்ஜினின் உள்பாகம் நல்லபடி இருக்கிறது என்று தெரிந்ததில் பெரிய நிம்மதி. மூன்றாவது, நாலாவது இன்ஜெக்டர்களை இடம் மாற்றிப் போட்டேன், குறை நாலாவதிலேயே இருந்தது. பிளக், ஒயர் மாற்றியும் அதேதான். நாலாவது பிளக் மட்டும் மற்றவற்றைவிட வெளுத்திருந்தது. அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதல் காற்று போகிறது. அப்படியானால் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடம்தான்.

லீக் தேட கார்பு கிளீனர் ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜின் மேல் அடிப்பது பரவலான வழக்கம். நான் அதைச் செய்வதில்லை, யாரையும் செய்யவும் விடுவதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ ஒரு பழைய பிளக் ஒயரின் பொறியோ போதும், தீப்பிடித்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்த உடனே, சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து, மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டின் விளிம்பில் துளித்துளியாக அடித்தால் போதும். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஒரு நொடி சத்தம் மாறும். கனெக்டர்கள் மேலும் சூடான எக்ஸாஸ்ட் மேலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலாவது சிலிண்டரின் அடிப்பக்கத்தில் சத்தம் மாறியது. அந்த இடம் கைக்கு எட்டாததால், உறுதிப்படுத்த ஸ்மோக் மெஷினைக் கடன் வாங்கினேன். அதில் 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தமே போதும். அதிகமாக விட்டால் நல்ல சீல்களும் பிய்ந்துவிடும். புகை மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து, நாலாவது சிலிண்டர் பக்கத்தில், மெல்லிய கோடாக எழுந்தது.

மேனிஃபோல்டைக் கழற்றியதும் இன்டேக் போர்ட்டுகளில் சுத்தமான துணியை அடைத்தேன். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஒரு துணுக்கு உள்ளே விழுந்தால் வால்வு இருக்கையில் போய் உட்காரும். அலுமினிய முகத்தில் இரும்புத் தகட்டை வைத்துச் சுரண்டாமல் பிளாஸ்டிக் சுரண்டியைப் பயன்படுத்தினேன். நேர்விளிம்பு ஸ்கேலை வைத்து இரண்டு முகங்களும் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். நல்லவேளை, கையேடு சொன்ன வரம்புக்குள் இருந்தன. கேஸ்கெட் மட்டும் நாலாவது போர்ட்டின் கீழே கறுத்து, நொறுங்கும் பதத்தில் இருந்தது. அந்தப் பக்கக் கடைசி நட் கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்ததுதான் காரணம். புதியதைப் போட்டு, நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மூன்று கட்டமாக இறுக்கினேன்.

ட்ரிம் +3. வேக்கம் 19 அங்குலம், முள் அசையவில்லை. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினால் நாலு சிலிண்டரிலும் ஆர்பிஎம் ஒரே மாதிரி விழுந்தது.

ஆனால் கிளட்சை மிதித்து நிற்கும்போது ஆர்பிஎம் இன்னும் கீழே போய்த்தான் திரும்பியது. த்ராட்டில் பாடியைக் கழற்றினேன். தகட்டைச் சுற்றிக் கார்பன் படிந்திருந்தது. ஐடில் வால்வின் வழி பாதி அடைத்திருந்தது. ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிவிடும். அந்த நொடியில் இன்ஜின் நிற்காமல் இருக்கத் தேவையான காற்றை இந்த வால்வுதான் பக்கவழியாக விட வேண்டும். வழி அடைத்திருந்தால் வால்வு முழுதாகத் திறந்தும் பயனில்லை. த்ராட்டில் கிளீனரும் பழைய பல்துலக்கியும் போதும். வால்வின் ஊசியைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் சிறிய மோட்டார் கெட்டுவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவின் மேலிருந்த தொழிற்சாலை வண்ணப்பூச்சு உடைந்திருந்தது. ஐடிலில் நின்றுவிடக் கூடாது என்று யாரோ அதைத் திருகி, தகட்டைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார்கள். இது சிகிச்சையே இல்லை, கூடுதல் கோளாறு. த்ராட்டில் பொசிஷன் சென்சார் மூடிய நிலையில் 0.5 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும் என்கிறது இந்த வண்டியின் கையேடு. மீட்டரில் 0.74 இருந்தது. ஓட்டுநர் இன்னும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று இசியு நம்பியது. அதனால் ஐடிலைக் கட்டுப்படுத்தும் வேலையையே அது தொடங்கவில்லை. சுத்தம் செய்தபின் ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன், வோல்ட்டேஜ் 0.5க்கு வந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டி, பழைய ட்ரிம் கணக்கை அழித்து, இன்ஜினைச் சூடேறும்வரை ஐடிலில் விட்டேன். 750 ஆர்பிஎம்மில் நின்றது. லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போட்டும் 700க்குக் கீழே இறங்கவில்லை.

கூலன்ட் சென்சார், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு இரண்டையும் சும்மா விடவில்லை. ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பம் ஆறிய இன்ஜினில் வெளிக்காற்றின் வெப்பத்தோடு ஒத்துப்போனது, சூடேறியதும் 88 டிகிரி செல்சியஸில் நின்றது. இஜிஆர் ஐடிலில் முழுதாக மூடியிருந்தது. இவை சரி.

அடுத்து, சூட்டில் பட்டென்று நிற்பது. இதைச் சாலையில் வைத்துத் தேடுவது ஆபத்து. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிப்புக்குத்தான் வரும். அதனால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, பானெட்டை மூடி, ஐடிலில் விட்டு உள்ளே சூடு சேரச் செய்தேன். அதற்கு முன்பே, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃபியூயல் ரயிலில் பிரஷர் கேஜை மாட்டி, ஹோஸை வெளியே இழுத்து வைத்தேன். ஓர் இன்ஜெக்டர் கனெக்டரில் சோதனை விளக்கு, ஒரு பிளக் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டர், இசியுவுக்கு வரும் பவர் ஒயரில் மல்டிமீட்டர். நிற்கும் நொடியில் என்ன போகிறது, என்ன நிற்கிறது என்று ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ஆறிய பிறகு எல்லாமே நன்றாக இருக்கும், அப்போது அளந்து பயனில்லை.

நின்றதும் உடனே ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் பிரஷர் 40 பிஎஸ்ஐக்கு மேலேயே இருந்தது, ஆகவே பம்பும் அதன் ரிலேயும் காரணம் இல்லை. இசியு பவர் 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஸ்டார்ட்டர் சுழலும்போது அது இயல்பு. மெயின் ரிலேயும் காரணம் இல்லை. ஸ்பார்க் இல்லை, இன்ஜெக்டர் விளக்கும் மின்னவில்லை. இரண்டும் ஒன்றாகப் போனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது என்பதையே இசியுவுக்குச் சொல்வது க்ராங்க் சென்சார். அந்தச் செய்தி வராவிட்டால் இசியு ஸ்பார்க்கும் விடாது, பெட்ரோலும் விடாது. ஸ்கேனரிலும் ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்பிஎம் பூஜ்யம் என்றுதான் காட்டியது. ஓட்டத்தில் இப்படி நின்ற போதெல்லாம், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்ததும் இதோடு பொருந்தியது.

இரண்டு ஒயர் காந்தச் சென்சார். கனெக்டரில் மீட்டரை வைத்தேன்: ஓம் அளவு முடிவிலி. உள்ளே காயில் சூட்டில் விரிந்து அறுந்திருக்கிறது. ஆறவிட்டு அளந்தபோது 900 ஓம், ஆரோக்கியமான எண். ஆறியபின் அளந்தவர்கள் நல்ல சென்சார் என்று சொல்லியிருப்பார்கள். மூன்று ஒயர் ஹால் வகைச் சென்சாரை இப்படி ஓம் வைத்துப் பார்க்க முடியாது, அதற்கு சிக்னல் வோல்ட்டேஜைத்தான் பார்க்க வேண்டும்.

புதிய சென்சாரைப் போடும் முன் அது உட்காரும் துளையை நன்றாகத் துடைத்தேன். பழையதன் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது, அதுவும் சிக்னலைக் கெடுக்கும். ஒயர் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சூடு தாங்கும் உறையில் நுழைத்து, பழைய கிளிப்பில் மாட்டித் தள்ளிவைத்தேன். அதே போலப் பானெட்டை மூடி, முன்பைவிட நீண்ட நேரம் சூடேற்றியும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் சாலைக்கு எடுத்தேன்.

இப்போதும் ஐடிலில் ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு இருக்கிறது. ஆனால் ஆர்பிஎம் முள் அசைவதில்லை, ட்ரிம் +2, வேக்கம் நிலையாக நிற்கிறது. இன்ஜின் சீராக ஓடுகிறது, அதன் இயல்பான அதிர்வைத் தாங்க வேண்டிய ரப்பர்தான் தாங்கவில்லை. விளக்கு பிடித்துப் பார்த்தால் வலதுபக்க இன்ஜின் மவுண்ட் நசுங்கி, ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து நிற்கிறது. மவுண்டை மாற்றும் வேலை அடுத்தது. அதற்காக இன்ஜினைத் தூக்கும்போது, புது கேஸ்கெட்டின் நட்டுகளையும் ஆறிய நிலையில் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும், முக்கியமாகத் தளர்ந்திருந்த அந்தக் கடைசி நட்டை.